பாட்டும் நலவாழ்வும்: சமூகக் கலைப்பணிகள் பற்றி ஒரு விமரிசனம்

சவுல் அரசன் மனங்கலங்கிய வேளைகளில் தாவீது சுரமண்டலம் வாசித்தான் என்றும், அதனால் அரசன் ஆறுதலடைந்தான் என்றும் முதலாம் சாமுவேல் 16ஆம் அதிகாரம் உரைக்கிறது. பாடகர் குழு ஞாயிறுகளிலும் இசை விழாக்களிலும் இப்பகுதியை எடுத்துப் பிரசங்கிக்காத ஆயர் நம்மில் அரியர். நானும் பன்முறை பிரசங்கித்ததுண்டு. ஆனால் நாம் பெரும்பாலும் 16ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். 18ஆம் அதிகாரத்தில் அதே தாவீது, அதே அரசனுக்கு முன்பாக, வழக்கம்போல் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே ஈட்டி பறந்து வருகிறது. 19ஆம் அதிகாரத்தில் மீண்டும் ஒருமுறை. இசை தந்த ஆறுதல் மெய்யானதே. அது நிலைக்கவில்லை என்பதும் அதே நூல் கூறும் செய்திதான்.

இதனை ஈண்டு நினைவுகூரக் காரணம் உண்டு. முதியோரைக் கூட்டிப் பாடச் செய்தல், இளைஞரைக் கொண்டு நாடகம் அமைத்தல், குடியிருப்பு மக்களே சேர்ந்து சுவரோவியம் தீட்டுதல் போன்ற முயற்சிகள் மேல்நாடுகளில் சமூகக் கலைப்பணிகள் என்று வழங்கப்படுகின்றன. இவை உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணுகின்றன என்னும் கருத்து இன்று அரசுக் கொள்கையாகவே உயர்ந்துவிட்டது. 2017இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழுவொன்று இது பற்றிப் பெரியதோர் அறிக்கை வெளியிட்டது. கலைகள் மக்களை நலமாக வைத்திருக்கும், நோயினின்று மீள உதவும், முதுமையைச் சிறப்பிக்கும், அரசுக்குப் பணமும் மிச்சப்படுத்தும் என்பது அதன் சாரம். 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளைக்காக டெய்சி ஃபான்கோர்ட், சீர்ஷா ஃபின் என்னும் இருவர் 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து மற்றோர் அறிக்கை அளித்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணித்துறை தன் நீண்டகாலத் திட்டத்தில், மருத்துவர்கள் நோயாளிகளை மருந்துக் கடைக்கு மட்டுமன்றிப் பாட்டுக் குழுவிற்கும் தோட்ட வேலைக்கும் அனுப்ப வழிவகுத்தது. நம் மாணவர் சிலரும் களப்பணிக் கட்டுரைகளில் இவ்வறிக்கைகளை மேற்கோள் காட்டத் தொடங்கியுள்ளனர். முதியோர் ஐக்கியத்திற்கு ஒரு திட்டம், வாலிபர் ஐக்கியத்திற்கு ஒரு திட்டம் என்று நிதி வேண்டும் விண்ணப்பங்களும் எழுதப்படுகின்றன. ஆதலின் இவற்றைச் சற்று நின்று ஆராய்வது தக்கதென்று கருதுகிறேன்.

சான்றுகளில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக் கிழக்குப் பகுதியில் நடந்தது. 2015இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் அது வெளியாயிற்று. 60 வயதைக் கடந்த 258 பேர் அதில் பங்கு பெற்றனர். சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் அவர்களை இரு கூறாக்கி, 131 பேரை ஐந்து ஊர்களில் அமைத்த பாட்டுக் குழுக்களிற் சேர்த்தனர். ஏனைய 127 பேர் தம் வழக்கமான வாழ்வைத் தொடர்ந்தனர். குழுக்கள் வாரம் ஒருமுறை, மொத்தம் 14 வாரங்கள் கூடிப் பாடின. மனநலத்தை ஒட்டிய வாழ்க்கைத் தரத்தை ஒரு வினாத்தாளால் அளந்தனர். 3 மாதம் முடிந்தபோது பாடியவர்கள் பாடாதவர்களைவிட 4.77 புள்ளி உயர்ந்திருந்தனர். கவலையும் மனச்சோர்வும் அவர்களிடம் குறைந்திருந்தன. 6 மாதம் ஆனபோது அந்த வேறுபாடு 2.35 புள்ளியாக இருந்தது.

இந்த இரண்டாம் எண்ணை வாசகர் கவனிக்க வேண்டும். 14 வாரம் என்பது ஏறத்தாழ 3 மாதம். அதன்பின் ஆய்வு ஏற்படுத்திய பாட்டு முடிந்துவிட்டது. அடுத்த 3 மாதத்திற்குள் பயனில் பாதி போயிற்று. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. 6 மாதத்திற்குப் பின்னும் பயன் எஞ்சியிருந்ததே என்று மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சிக்கு இடமுண்டு. ஆனால் ஓர் ஆயரின் கண்ணுக்கு முதலில் தெரிவது வேறு. பதினைந்தாம் வாரம் அந்தக் கிழமை வந்தபோது அம்முதியவர்கள் எங்கே சென்றார்கள்? எந்த வினாத்தாளிலும் இக்கேள்வி இல்லை. மற்றுமொரு குறையும் உண்டு. ஒப்பீட்டுக்கு வைத்தவர்கள் வேறொரு குழுவாகக் கூடவில்லை. எனவே நன்மை செய்தது பாட்டா, தேநீரா, வாரந்தோறும் தன் வரவை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்னும் உணர்வா என்று இவ்வாய்விலிருந்து பிரித்துரைக்க இயலாது.

அடிக்கடி எடுத்தாளப்படும் வேறோர் ஆய்வும் 2019இல் வெளியானதே. இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 6,710 பேரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்து, சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் அருங்காட்சியகம், நாடகம், இசையரங்கு ஆகியவற்றிற்குச் செல்வோருக்கு அக்காலத்தில் இறக்கும் வாய்ப்பு 31 விழுக்காடு குறைவாயிருந்தது என்று கண்டனர். செல்வம், கல்வி, உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டே இம்முடிவுக்கு வந்தனர். எனினும் இது உடனிகழ்வைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. அன்றியும் இது பார்வையாளரைப் பற்றிய ஆய்வு. நாற்காலியில் அமர்ந்து பார்ப்போரின் கணக்கை, தாமே எழுந்து பாடுவோரின் திட்டத்திற்குச் சான்றாக எழுதுவது பொருந்தாது. இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவரும் கென்ட் ஆய்வினரில் ஒருவருமாகிய ஸ்டீபன் கிளிஃப்ட் என்பாரே, வேறிருவருடன் சேர்ந்து, கலைகளின் நலப்பயன் பற்றிய ஆய்வுகளைக் கண்டிப்பான விமரிசனமின்றி ஏற்கலாகாது என்று 2021இல் எழுதினார். தன் துறையின் வெற்றி முழக்கத்தை இங்ஙனம் தானே தடுத்து நிறுத்துபவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி, இவ்வறிக்கைகளுக்கு நெடுங்காலம் முன்னர் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் 1947 முதல் ஆண்டுதோறும் உலகப் புகழ்பெற்ற கலைவிழா நடந்துவருகிறது. அதே நகரின் தென்கிழக்கு ஓரத்தில் கிரெய்க்மில்லர் என்றொரு பகுதி உண்டு. நகராட்சி கட்டிய வீடுகளில் சுரங்கத் தொழிலாளரும் மது வடிக்கும் ஆலைகளில் உழைத்தோரும் வாழ்ந்த ஏழ்மைப் பகுதி அது. கலைவிழாவின் ஒலி அங்கு எட்டியதில்லை. அப்பகுதியில் வாழ்ந்த ஹெலன் க்ரம்மி என்னும் தாய், 1960களின் தொடக்கத்தில், தன் மகனுக்கு வயலின் கற்பிக்க இயலுமா என்று பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டார். இப்பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கவே எங்கள் நேரமெல்லாம் போய்விடுகிறது என்னும் பொருள்பட விடை வந்தது. அம்மையார் வீட்டுக்குத் திரும்பி அழுதுகொண்டிருக்கவில்லை. அப்பள்ளியின் தாய்மார் ஒன்றுகூடினர். 1962இல் கிரெய்க்மில்லர் விழாச் சங்கம் தோன்றிற்று. தங்கள் பிள்ளைகளிடம் உள்ள திறனைத் தாங்களே மேடையேற்றிக் காட்டுவோம் என்பது அவர்தம் எண்ணம்.

அவ்விழா ஆண்டுதோறும் வளர்ந்தது. தங்கள் ஊரின் வரலாற்றை ஊராரே இசைநாடகமாக எழுதினர். முதியோரும் சிறுவரும் ஒரே மேடையில் நடித்தனர். நாடகத்திற்காகக் கூடியவர்கள் கூடிய இடத்திலேயே வீட்டுக் கூரையைப் பற்றியும் வேலையின்மையைப் பற்றியும் தனித்திருக்கும் கிழவர்களைப் பற்றியும் பேசத் தொடங்கினர். 1970களில் அச்சங்கம் அப்பகுதியின் சமூகப் பணிகளில் பெரும்பகுதியை நடத்திற்று. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் வறுமை ஒழிப்பு நிதி 1976இல் அதற்குக் கிடைத்தது. 1978இல் தங்கள் பகுதிக்கென விரிவான செயல்திட்டமொன்றைத் தாங்களே வெளியிட்டனர். அம்மையார் இவ்வரலாற்றை 1992இல் நூலாக எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் ‘மக்கள் பாடட்டும்’ எனலாம்.

இதில் நான் காண்பது வரிசையின் வேறுபாடு. கிரெய்க்மில்லர் தாய்மார் நலவாழ்வைக் கேட்கவில்லை, வயலினைக் கேட்டனர். நல்ல வாழ்வு, நட்பு, வேலை, துணிவு ஆகியன அதைத் தொடர்ந்து வந்தன. 2017ஆம் ஆண்டு அறிக்கையின் வரிசையோ தலைகீழானது. முதலில் தனிமை, மனச்சோர்வு, முதுமை, மருத்துவச் செலவு ஆகியவை பட்டியலிடப்படுகின்றன. அவற்றிற்கு மருந்தாகக் கலை பின்னர் அழைக்கப்படுகிறது. வரிசை மாறினால் மனிதரும் மாறிவிடுகின்றனர். முன்னதில் பாட வருபவர் பாடகர். பின்னதில் பாட வருபவர் நோயாளி. அவருடைய பாட்டு எத்தனை புள்ளி உயர்த்திற்று என்பதே கேள்வி.

கிரெய்க்மில்லரை நான் பொன்னுலகமாகக் காட்டவில்லை. பெருநிதி வந்தபின் அச்சங்கம் நிதியை நம்பி வாழும் நிலைக்கு உள்ளாயிற்று, 2002இல் மூடப்பட்டது. இந்த ஆபத்தை ஓவன் கெல்லி என்பவர் 1984இலேயே சமூகக் கலைகளும் அரசும் பற்றிய தம் நூலிற் கடுமையாகச் சுட்டியிருந்தார். மக்களின் இயக்கமாகத் தொடங்கியது, மானியம் தருவோரின் சொற்களைக் கற்று, மானியத்திற்கேற்பத் தன்னை விளக்கி, முடிவில் சம்பளம் பெறும் சேவைத் தொழிலாகிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. அந்நூலின் குரல் சில இடங்களில் மிகைதான். ஆயினும் 1997இல் ஃபிரான்சுவா மத்தராசோ சமூகக் கலைகளின் பயன்களை ஐம்பதாக எண்ணி ஒரு நூல் வெளியிட்டதும், நிதி கேட்போர் பலரும் அதைக் கையில் ஏந்தியதும் கெல்லி கூறிய திசையில்தான் நிகழ்ந்தன. ஐம்பது பயன்களை எண்ணுமளவு பொறுமை எனக்கில்லை. பட்டியல் நீள நீள, பாடும் மனிதரின் முகம் மறைகிறது.

ஆனால் அளந்து பார்த்த ஆய்வுகள் எல்லாமே இவ்வகையின அல்ல. அமெரிக்க முதுமை மருத்துவர் ஜீன் கோஹன் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. வாஷிங்டன் நகரப் பகுதியில் சராசரி 80 வயதினர் 166 பேர் அதில் இருந்தனர். ஒரு கூறினர் பாடகர் குழுவில் சேர்ந்தனர். ஓராண்டு கழிந்தபின் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக மருத்துவரிடம் சென்றிருந்தனர். குறைவாகவே தடுக்கி விழுந்திருந்தனர். குலுக்கல் முறையில் பிரிக்காமையால் இம்முடிவைச் சற்றே எச்சரிக்கையுடன் ஏற்க வேண்டும். என் மனத்தைக் கவர்ந்தது முடிவன்று, நடத்திய முறை. தேர்ந்த இசைநடத்துநர் ஒருவர் 30 வாரம் பயிற்சி அளித்தார். அவ்வப்போது பொதுமக்கள் முன்னிலையில் பாட வேண்டும். தவறாகப் பாடினால் நிறுத்தித் திருத்துவார். கிழவர்கள்தானே, எப்படிப் பாடினாலும் கைதட்டுவோம் என்னும் இரக்கம் அங்கே இல்லை. ஒருவரைத் திருத்துவது அவரால் இன்னும் இயலும் என்று நம்புவதாகும். நம் முதியோர் கூட்டங்களில் யாரையேனும் நாம் அவ்வாறு திருத்தியதுண்டா?

இதே ஆய்வில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்தும் ஒரு குழு சேர்க்கப்பட்டது. 1979இல் சூசன் பெர்ல்ஸ்டீன் தொடங்கிய அமைப்பு அங்கே முதியோரின் வாழ்க்கைக் கதைகளை நாடகமாக்கி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் முதியோரிடம் கேட்டறிந்து, இருசாராரும் சேர்ந்து நடிப்பர். இளைஞருக்கு ஒரு திட்டம், முதியோருக்கு ஒரு திட்டம் என்று நாம் பிரித்து விண்ணப்பம் எழுதுவதன் வறுமையை இது காட்டுகிறது. இளைஞனுக்குத் தேவை தன்னிடம் கதை சொல்ல ஒருவர். முதியவருக்குத் தேவை தன் கதையை வேண்டிவரும் ஒருவர். ஒரே கூடத்தில் இரண்டும் கிட்டும்.

இளைஞரைப் பற்றிக் கூறுங்கால் வெனிசுவேலா நாட்டை விட்டுவிட இயலாது. ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய இசைக்கல்வி இயக்கம் ஏழைப் பிள்ளைகளை வறுமையினின்றும் வன்முறையினின்றும் மீட்பதாக உலகெங்கும் புகழ்பெற்றது. பல நாடுகள் அதைப் பின்பற்றின. 2,914 பிள்ளைகளைக் கொண்டு குலுக்கல் முறையில் நடத்திய ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. தன்னடக்கம் சற்று வளர்ந்தது, நடத்தைக் கோளாறுகள் சிலரிடம் குறைந்தன என்று அது கூறுகிறது. அதே ஆய்வில் வேறொரு செய்தியும் உள்ளது. அப்பிள்ளைகள் வாழ்ந்த மாநிலங்களில் வறுமை விகிதம் 46.5 விழுக்காடு. இயக்கத்தில் சேர்ந்த பிள்ளைகளிடையே அது 16.7 விழுக்காடு மட்டுமே. ஏழைகளுக்கென்று திறந்த கதவின் வழியே பெரும்பாலும் ஏழையல்லாதோர் நுழைந்துள்ளனர். நம் பாடகர் குழுக்களின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை இக்கண்கொண்டு பார்ப்பது நல்லது. சபையின் எந்தத் தெருவிலிருந்து எவரும் வரவில்லை என்பது உடனே தெரியும்.

மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, நம்மில் பலர் பரட்டை என்று அன்போடு அழைத்தவர், கிராமிய மெட்டுகளில் பாடல்கள் அமைத்தார் என்பது நாமறிந்ததே. 2005இல் அவர் மறைந்தார். மக்கள் தம் பாடலை மாற்றிப் பாடுவதை அவர் குறையாகக் கருதவில்லை. மாற்றிப் பாடும்போதுதான் பாட்டு அவர்களுடையதாகிறது என்று கொண்டார். கிரெய்க்மில்லர் தாய்மாரை அவர் எளிதிற் புரிந்துகொண்டிருப்பார்.

அளவின்றேல் நிதியில்லை, நிதியின்றேல் பணியில்லை என்று கூறுவோர் உண்டு. கூடத்திற்கு வாடகை, இசைநடத்துநருக்கு ஊதியம், நடக்க இயலாதோரை அழைத்துவர வண்டி ஆகியவற்றை யார் தருவர் என்பது நேர்மையான கேள்வி. அளக்க வேண்டாமென்று நான் கூறவில்லை. கென்ட் ஆய்வினர் அளந்திராவிடின் பயன் பாதியாகக் குறைந்ததை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஆனால் அளப்பவர் வேறு சிலவற்றையும் அளக்கலாம். எந்தப் பாட்டைப் பாடுவதென்று தீர்மானித்தவர் யார்? நடத்துநர் வராத நாளில் கூட்டம் கூடிற்றா? நிதி முடிந்தபின் எத்தனை வாரம் தொடர்ந்தது? இவற்றிற்கு விடை காணப் பெரிய கணிதம் தேவையில்லை. 2017, 2019ஆம் ஆண்டுகளின் அறிக்கைகள் இக்கேள்விகளுக்கு இன்னும் அதிக இடம் தந்திருக்கலாம்.

நானும் இப்பிழையைச் செய்தவன் என்பதால் இதைச் சற்றுக் கூறி முடிக்கிறேன். சிற்றூர்ச் சேகரமொன்றில் நான் ஆயராயிருந்தபோது முதியோர் ஞாயிறு கொண்டாடினோம். முதியவர்களை முன்வரிசையில் அமர்த்தி, வாலிபர் பாட, ஆளுக்கொரு துண்டும் பழமும் கொடுத்தோம். ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது ஒரு விதவைத் தாயார், “ஐயா, எங்களுக்குப் பாடிக் காட்டினீங்க. எங்களைப் பாடச் சொல்லவே இல்லையே” என்றார். மறுவாரம் சனிக்கிழமை மாலை அவரைக் கூடத்திற்கு அழைத்தேன். நம் புத்தகத்தில் மூன்று சரணங்களோடு அச்சாகியுள்ள ஒரு கீர்த்தனையை அவர் ஐந்து சரணங்களோடு பாடினார். தம் மாமியாரிடம் கற்றது என்றார். அவர் பிடித்த சுருதி எங்கள் வாலிபன் வாசித்த பெட்டியில் அகப்படவில்லை. முதலிரண்டு வாரம் பிள்ளைகள் சிரித்தனர். நான்காம் வாரம் பெட்டியை மூடிவிட்டு அவரோடு பாடினர். வேறு நான்கைந்து முதியோரும் வந்து சேர்ந்தனர். ஒரு நாள் ஒரு பையன் தாளம் தப்ப, அத்தாயார் அவன் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்துத் திருத்தினார்.

பதினோராம் வாரம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

இரண்டாண்டுகள் கழித்து ஒரு திருமணத்திற்காக அச்சேகரத்திற்குச் சென்றேன். அத்தாயார் காலமாகியிருந்தார். சனிக்கிழமைக் கூட்டம் நான் புறப்பட்ட வாரத்தோடு நின்றுவிட்டதாம். எனக்குப் பின் வந்த ஆயர்மீது எக்குறையும் இல்லை. அப்படியொன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. அன்று சிரித்த பிள்ளைகளில் ஒருவன், அப்போது வேலைக்குச் சென்றுகொண்டிருந்தவன், பந்தியில் என்னருகே அமர்ந்து சொன்னான்: “நாங்க அடுத்த சனிக்கிழமையும் போனோம் ஐயா. பாட்டியும் வந்திருந்தாங்க. கூடம் பூட்டியிருந்துச்சு.” கூடத்தின் சாவி எப்போதும் ஆயர்மனையில் என் மேசைக்குள்தான் இருந்தது. அதை நான் எவரிடமும் கொடுத்துவிட்டு வரவில்லை.